பிழையாகவே இருக்க வேண்டிய நிரல்கள்

கணவருக்கு ஜோத்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது என் வேலை பாதியில் கிடந்தது. அவர் விமானப் படையில் இருந்தார். நான் தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில். பாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல்களைப் புதிய இயந்திரத்தில் ஓட்டுவதற்காக, அவற்றை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை நான் திருத்தியிருந்தேன். அது சரியானது என்பதற்கு என்ன ஆதாரம் என்று மேலதிகாரி கேட்டார்.

கம்பைலரைச் சோதிக்கவென்றே எழுதிய நிரல்கள், நான் பள்ளியில் படித்த காலத்துச் செய்திமடல் ஒன்றில் அச்சாகியிருந்தன. காந்த நாடாப் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தார். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், 1 என்ற எண்ணை l என்ற ஆங்கில எழுத்தாக்கியது, புள்ளிகளை விழுங்கியது. பக்கம் பக்கமாகத் திருத்தினேன்.

வீட்டில் பாத்திரங்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. மே மாத வெயிலில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் திரை இழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நிரல் மட்டும் பிடிவாதமாக ஓட மறுத்தது. ஸ்கேனிலிருந்து அச்சடித்து வைத்திருந்த பக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். எல்லாம் சரி.

"பொட்டி கட்டணும், ஜல்தி பண்ணு. இன்னும் அதேதானா?" என்றார் அவர்.

"ஒரு தப்பு இருக்குங்க. எங்கன்னுதான் தெரியல."

பிறகுதான் மேலே இருந்த குறிப்பைப் படித்தேன். இந்த நிரல் வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்டது. நல்ல கம்பைலர் இதை நிராகரிக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நிமிடமே, திருத்தி முடித்த கோப்புகளைத் திறந்தேன். ஸ்கேன் பிழை என்று நினைத்து இதுவரை எத்தனை நிரல்களைச் 'சரி' செய்திருப்பேன்?

"முதல்லேருந்து பாக்கணும்" என்றேன்.

அவர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, நீ திரையப் பாரு. நான் அந்த அச்சுப் பக்கத்தைப் படிக்கேன்."

மறுநாளிலிருந்து தினமும் மாலையில், பாஸ்கல் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர், கட்டிய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அரைப்புள்ளி, அடைப்பு, சமம் என்று உரக்க வாசித்தார். ஓரிடத்தில் "புள்ளி அஞ்சு" என்றார்.

"பூஜ்யம் புள்ளி அஞ்சா?"

"பூஜ்யமெல்லாம் இல்ல. வெறும் புள்ளி அஞ்சு."

என் திரையில் பூஜ்யம் இருந்தது. ஸ்கேனில் உதிர்ந்துவிட்டதென்று நானே சேர்த்தது. பாஸ்கலில் புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அது தவறு. அதைச் சோதிக்கத்தான் அந்த நிரலே. பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன். என் கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிழை என் வேலையில் இருந்தது.

அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. மேலதிகாரி முதல் பக்கத்தைப் புரட்டி, "அச்சா" என்று கையெழுத்திட்டார்.

ஜோத்பூர் ரயிலில் கணவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு மட்டும், ஒரு பக்கத்தின் ஓரத்தில் கண்ட கறுப்புப் பொட்டு புள்ளியா தூசியா என்ற சந்தேகம் விடிகிறவரை தீரவில்லை.