பி பக்கத்தின் கடைசிப் பத்து நிமிடம்

ஒன்பது வருடம் நான் ஊரார் குரல்களோடு குடித்தனம் நடத்தினேன். ஆள் வரமாட்டார், கேசட்டில் குரல் மட்டும் வரும். தபாலில் வரும், பஸ் கண்டக்டர் கையில் வரும், மில்லுக்குப் போன என் வீட்டுக்காரரின் சாப்பாட்டுப் பைக்குள் வரும். அதில் சில வருடம், கேட்டு முடித்ததும் அவற்றை அழிப்பது என் வேலை. எத்தனையோ பேர் குரலை அழித்திருக்கிறேன். ஒரே ஒரு குரல் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பாட்டு என்றால் அவருக்குப் பைத்தியம். சினிமாப் பாட்டு பாடமாட்டார், தானே எழுதித் தானே மெட்டுப் போடுவார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி, இறங்குகிற ஊரைத் தவறவிட்டவனைப் பற்றி ஒரு பாட்டு. மழை ஏமாற்றிய கரிசல் காட்டைப் பற்றி ஒரு பாட்டு. மாமியார் வீட்டு விருந்தில் அசடு வழிந்ததைப் பற்றி ஒரு பாட்டு. அது என் அம்மா வீட்டு விருந்து. அதற்காக இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில் எட்டுப் பாட்டுகளைப் பதிந்து மதுரையில் ஒரு கேசட் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கள யாருக்குத் தெரியும்?" என்றார். திரும்பி வரும்போது இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மில் கேண்டீனில் இவர் பாடினால் சோற்றுக் கை காயக் காய உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாதா? தெரிந்தவர்களுக்கே விற்றுவிட்டுப் போவோம், கடைக்காரர் எதற்கு என்றேன்.

என் சங்கிலி அடகுக்குப் போனது, இரண்டு கேசட் போடும் டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வந்தது. ஒன்றில் ஓடுவது மற்றதில் பதியும். இவர் பாடுவார், பக்கத்துத் தெருவில் ஒருவர் டோலக் வாசிப்பார், பதிவதும் பெயர் எழுதுவதும் அனுப்புவதும் நான். முதலில் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதினேன். புதுப் பாட்டு வரும்போது அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தபால் அட்டை போட்டேன், முன்பணம் தந்தால்தான் பதிவோம் என்று. இவருக்கு அப்படிக் கேட்கக் கூச்சம். எனக்கு இல்லை. பணம் வந்தது, ஆளும் கூடியது. மம்சாபுரத்தில் நாலு பேர், வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் ஆறு பேர் என்று நோட்டு நிரம்பியது. இருநூறு பேர் வந்தபோது அடகு வைத்த சங்கிலி திரும்பி வந்தது. ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை, இந்த இருநூறு பேர் கைவிடாமல் இருந்தால் போதும் என்று எனக்குப் புரிந்தது.

அவர்கள் கைவிடாமல் இருந்ததற்கு ஒரு காரணம், பழைய கேசட்டைத் திருப்பித் தந்தால் பாதி விலைக்குப் புதுப் பாட்டுகளை அதிலேயே பதிந்து கொடுத்தோம். இன்னொரு காரணம், பி பக்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைக் காலியாக விட்டோம். அது இவருடைய யோசனை. கடைசிப் பாட்டு முடிந்ததும் இவர் குரல் வரும்: "இதுக்கு மேல காலி. நீங்க பேசுங்க, நான் கேக்கேன்." வீட்டில் டேப் ரிக்கார்டர் உள்ளவர்கள் பேசி அனுப்பினார்கள். பாட்டைப் பற்றித் தொடங்குவார்கள். பிறகு பயிர், பிள்ளை, வயிற்று வலி, பங்காளிச் சண்டை எல்லாம் வரும். சிலர் அழுதார்கள்.

முதலில் நான் அதையெல்லாம் அழிக்கவில்லை. புதுப் பாட்டுகளை மேலே பதிந்து அனுப்பிவிடுவேன். கடைசியில் யாருடைய பேச்சாவது மிச்சமிருந்து வேறு யாருக்காவது போய்விடும். மகாராஜபுரத்து ஆசிரியர் ஒருவர், 'பாட்டு முடிந்ததும் யாரோ ஒரு அம்மாள் தன் மருமகளைத் திட்டுகிறார், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்' என்று எழுதினார். அன்றிலிருந்து ஒரு கேசட் விடாமல் முழுக்க அழித்துவிட்டுத்தான் பதிந்தேன். நான் சோம்பேறியாகவே இருந்திருக்கலாம்.

ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ஒருவர் எங்கள் நோட்டில் இருந்தார். வாங்கியதோடு நிற்காமல், லாரி நிற்கும் டீக்கடைகளிலெல்லாம் எங்கள் கேசட்டைப் போட்டு முப்பது பேரைச் சேர்த்து விட்டவர் அவர். மாதம் ஒருமுறை மில் கேட்டில் என் வீட்டுக்காரரைப் பார்த்து கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். நேரில் வாய் திறக்கமாட்டாராம். பேசுவதெல்லாம் கேசட்டில்தான். இருமிக்கொண்டே பேசுவார். "மூணாவது பாட்டுல தாளம் ஓடுது, ஆரும் தொரத்துறாங்களா?" என்பார். கூடவே வரும், அவர் சேர்த்த ஆட்களின் பட்டியல் அவர் மகளின் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும்.

எல்லாருடைய பேச்சையும் இவர் முழுக்கக் கேட்பார். நான் கேட்கமாட்டேன். எத்தனை கேசட் வேண்டும், எந்த ஊருக்கு என்று சொல்லும்வரை கேட்டு எழுதிக்கொள்வேன். பேச்சு வீட்டுக் கதைக்குத் திரும்பியதும் நிறுத்திவிடுவேன். அடுப்பில் வேலை இருக்கும், கரண்ட் போவதற்குள் பதிய வேண்டும். இதைத் தப்பு என்று நான் அப்போது நினைக்கவில்லை.

ஒரு மார்கழியில் லாரிக்காரர் இறந்துபோனார். நெஞ்சு வலி. செய்தி மில் கேட்டுக்கு வந்தது, இவர் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். பத்துப் பதினைந்து நாள் கழித்து, இவர் காலை ஷிப்டுக்குப் போன பிறகு, ஒரு அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. யார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

"தாயி, அவிய கடைசியா பேசிக் குடுத்த கேசட்டு ஒங்ககிட்டதான இருக்கு? அத ஒருக்காப் போடு. நான் கேட்டுட்டுப் போயிருதேன்."

அந்தக் கேசட்டை அழித்து, புதுப் பாட்டு பதிந்து, யாருக்கோ அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, எதற்காக வந்தார் என்று சொன்னார். மகளுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். லாரிக்காரரின் அக்கா தன் மகனுக்கு அவளைக் கேட்கிறார், தை மாதமே முடிக்க வேண்டும் என்கிறார். "எங்க மதினி நல்லவதான். ஒரே தட்டுல சாப்பிட்டவிய நாங்க. ஆனா இவிய மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நான் கேட்டா பாப்போம் பாப்போம்னுதான் சொன்னாவ. கதவச் சாத்திக்கிட்டு ஒங்க கேசட்டுலதான் எல்லாம் பேசுவாவ. அதுல சொல்லியிருப்பாவ."

கேசட் இல்லை, அழித்துவிட்டேன் என்றேன். அதை மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் உண்மை பேசினேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. டேப் ரிக்கார்டரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரி. நீ கேட்டேல்லா? என்ன சொன்னாவன்னு நீ சொல்லு."

நாலு கேசட் வேண்டும் என்பதுவரை கேட்டேன், பிறகு நிறுத்திவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? புருஷனின் கடைசிப் பேச்சைக் கேட்க எனக்கு நேரமில்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? முத்து முத்தான அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. எட்டாவதோடு என்னை நிறுத்தியபோது நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் நினைவுக்கு வந்தது. இவர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"புள்ளைய நல்லாப் படிக்க வைக்கணும்னு சொன்னாவக்கா. கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம்னு சொன்னாவ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னாவளா," என்று தனக்குத்தானே சொன்னார். காப்பி குடிக்காமலே எழுந்து போனார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, நான் அத முழுசாக் கேட்டேன். அவரு அப்படிச் சொல்லல."

"பொறவு?"

"தையில மகளுக்குக் கல்யாணம், அக்கா மகனுக்குத்தான் குடுக்கப்போறேன், நீங்க வந்து பாடணும்னு சொன்னாரு. வீட்டுல இன்னும் சொல்லல, மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லுதேன்னு சொன்னாரு. ஒங்கிட்டச் சொல்ல நான் மறந்துட்டேன்."

பெண்டாட்டியிடம் பார்ப்போம் பார்ப்போம் என்றவர், மாதம் ஒருமுறை மில் கேட்டில் முகம் பார்க்கும் ஒரு பாட்டுக்காரரிடம் முடிவைச் சொல்லியிருக்கிறார். இருநூறு பேரை இப்படி நெருக்கமாக வைத்திருக்கிறோம் என்று பெருமைப்பட்டவள் நான். அந்த நெருக்கம் எனக்கு அன்றைக்குத்தான் பயம் தந்தது.

மறுநாள் இவர் லீவு போட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருவரும் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது காரியம் கைமீறியிருந்தது. முந்தின நாளே அந்த அம்மாள் நாத்தனாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர்களுக்குள் பெரிய சண்டையாகிப் பேச்சு நின்றுவிட்டது. இவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே மகள் குடத்தோடு நின்றாள்.

"சித்தி, எங்கப்பா அப்படிப் பேசல," என்றாள். "பேசும்போது நான் சன்னலுக்கு வெளிய நின்னு கேட்டேன். அம்மாவுக்குத் தெரியாது." குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். "நீங்க சொல்லிராதீய சித்தி. ஒங்களக் கும்பிட்டுக்கிடுதேன்."

அவள் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் கடைசியாக ஆசைப்பட்டதை மறைத்துவிடும்படி அவருடைய மகளே என்னைக் கேட்டாள். நான் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். அதன் பிறகு இவர் எந்த ஊருக்கும் கல்யாணத்தில் பாடப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார்.

நான் அழிப்பதை நிறுத்திவிட்டேன். பாதி விலைக் கணக்கும் நின்றது. நூறு பேர் போல விலகிப் போனார்கள், வருமானம் குறைந்தது. வருகிற கேசட்டுகளைக் கடைசிவரை கேட்டேன். வேலைக்கு நடுவே ஏதாவது ஒரு குரல் இருமினால் கைவேலையைப் போட்டுவிட்டு டேப் ரிக்கார்டர் பக்கத்தில் போய் உட்காருவேன்.

அந்த அம்மாள் மட்டும் விலகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து கேசட் வாங்குவார். வரும்போதெல்லாம், தன் புருஷன் என்ன சொன்னார் என்று திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார். ஒரு வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக, நான் சொன்ன பொய்யை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். மகள் படித்து டீச்சர் வேலைக்குப் போனாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அந்த அம்மாள் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். நாத்தனார் இறந்துபோனாராம். "மாலை கொண்டுபோனேன் தாயி. அவ மகன் வாங்க மாட்டேன்னுட்டான். ஏழு வருசம் அவ எங்கூடப் பேசல. நானும் பேசல. இவியளே சொல்லிட்டாவளேன்னுதான் நான் எறங்கிப் போகல. இல்லன்னா போயி அவ கால்ல விழுந்திருப்பேன்." சேலை முனையால் மூக்கைத் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கேன். நெசமாவே அவிய சொன்னாவளா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வரப்போவதில்லை. மகளுக்கு வேலை கிடைத்தாகிவிட்டது, இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சொன்னால் இறங்குவது என் பாரம். ஏறுவது அவர் தலையில். புருஷன் ஆசைக்கும் விரோதமாக நடந்தேன், ஒரே தட்டில் சாப்பிட்டவளையும் இழந்தேன் என்று அவர் அதற்குப் பிறகு எப்படித் தூங்குவார்?

"சொன்னாவக்கா," என்றேன்.

"எப்படிச் சொன்னாவ? மெதுவாவா, அழுத்தியா?"

இத்தனை வருடத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. நான் யோசிக்கவே இல்லை. அந்தக் குரல், இருமலோடு, என் காதில் தெளிவாகக் கேட்டது. புள்ளைய நல்லாப் படிக்க வைக்கணும் என்றது. தாளம் ஓடுது என்று கேலி செய்த பழைய குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.

"அழுத்தித்தான் சொன்னாவ. நடுவுல ரெண்டு தடவ இருமுனாவ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, புதுக் கேசட்டுக்கு முழு விலையையும் எடுத்து என் கையில் வைத்து, "அவிய பேருலயே எழுதிக்க," என்றார். நான் வாங்கிக்கொண்டு எழுதினேன்.