அப்பாவின் மாதிரி அறிவித்தல்

எனக்கு முப்பது வயதானபோது அப்பா ஆறு மாதம் தவணை தந்தார். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் ஒரு கடைசித் திகதி வைப்பார். பங்குனி முடிவதற்குள் இணையத்தளம் செய்யும் வேலை ஒன்றை நான் தேடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சாவகச்சேரியில் அவருக்குத் தெரிந்த கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராகச் சேரவேண்டும். அங்கே எனக்கென்று ஒரு கதிரையைக்கூடப் பேசிவைத்திருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். நல்ல கதிரைதான். அதில் அறுபது வயதுவரை இருப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

காணொளிகளைப் பார்த்துத்தான் படித்தேன். சென்னையிலிருந்து கற்பித்த ஒருவர் ஒவ்வொரு பாடத்தையும் "ரொம்ப ஈஸி" என்று தொடங்குவார். அந்த ரொம்ப ஈஸியான பாடங்களை நான் நாலு தரம் பார்க்கவேண்டியிருந்தது. எவர் கற்பித்தாலும் கடைசியில் செய்யவைப்பது ஒன்றுதான்: செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல். ஐந்து மாதத்தில் அப்படி ஏழு பட்டியல்கள் செய்தேன். ஒன்றிலும் எதையும் குறிக்கவில்லை. எனக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மறக்கக்கூடியதாகவும் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடியில், என்னைப்போலப் படிப்பவர்கள் கூடுவோம். பன்னிரண்டு பேர், நாலு பிளக். என்னுடைய பழைய மடிக்கணினி மின்சாரம் இல்லாமல் எழும்பாது என்பதால் நான் எப்போதும் முதல் ஆளாகப் போய்விடுவேன். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஆர்வம் அதிகம் என்று எனக்குப் பெயர் வந்தது.

மாசிக் கூட்டத்தில், கூட்டத்தை நடத்திய அக்கா ஒன்று சொன்னார். அவர் சொந்தமாக ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் வைத்திருந்தார்.

"அடுத்த மாதம் எல்லாரும் ஒண்டு செய்து காட்டுங்கோ. எங்கடை சனம் உண்மையாப் பாவிக்கிற சாமானா இருக்கவேணும். பட்டியல் கொண்டு வராதேங்கோ. ஒராளை நாங்கள் வேலைக்கு எடுப்பம்."

எங்கள் சனம் உண்மையாகப் பாவிப்பது என்ன என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அப்பா காலையில் பல் விளக்கமுன்னர் போனில் பார்ப்பது மரண அறிவித்தல்களைத்தான். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆகவே, விபரங்களை நிரப்பினால் முறைப்படியான மரண அறிவித்தல் தானாக வரும் பக்கமொன்றைச் செய்யத் தொடங்கினேன். பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், பிறகு சகோதரர்கள், மைத்துனர்கள், சம்பந்திமார், பேரப்பிள்ளைகள். எங்கள் அறிவித்தல்களில் ஒருவரையும் விடமுடியாது. விட்டால் அடுத்த செத்தவீட்டுக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

அதைப் பரீட்சித்துப் பார்க்க நீளமான குடும்பம் ஒன்று தேவைப்பட்டது. அப்பாவோடு கூடப்பிறந்தவர்கள் ஒன்பது பேர். அவருடைய பெயரைப் போட்டேன், கடவுச்சீட்டுப் படத்தைப் போட்டேன். படத்தைச் சுற்றிப் பூமாலைச் சட்டம் வடிவாக வந்தது. இறுதிக்கிரியை நேரத்தை நிரப்பாமல் அனுப்பமுடியாது என்று நானே விதி எழுதியிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அதனால் அன்றைக்கே பகல் இரண்டு மணி என்று நிரப்பினேன். தொடர்புக்கு இலண்டனில் இருக்கும் என் அண்ணையின் இலக்கம். எல்லாம் உண்மைபோல இருக்கவேண்டும் என்று சென்னைக்காரர் சொல்லித்தந்திருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு அதை இணையத்தில் ஏற்றி, இணைப்பைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "போனில் சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். குழுவில், எங்கள் ஊரில் படிப்பிக்கும் கொடிகாமத்து ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் அப்பாவின் படத்தைக் கண்டார், என் கேள்வியைக் காணவில்லை. கைகூப்பும் படம் ஒன்றைச் சேர்த்து எங்கள் ஊர்க்குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

பத்தரை மணிக்கு வாசல் படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. அப்பாவின் மூத்த அக்கா, எங்கள் பெரியத்தை, இறங்கமுன்னரே அழத் தொடங்கியிருந்தார். வளவில் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா கொக்கத்தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஆரக்கா போனது?"

பெரியத்தை அழுகையை நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மாமி, செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று ஒரு பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அதை அப்பாவுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். மரண உதவிச் சங்கம் உழவு இயந்திரத்தில் ஐம்பது கதிரைகளை இறக்கியது. இறக்கிய கதிரைகளைப் பொறுப்பேற்று அப்பாவே கையெழுத்து வைத்தார். அண்ணை இலண்டனிலிருந்து போன் எடுத்து, அப்பாவுக்கு என்ன நடந்ததென்று அழுதுகொண்டே கேட்டார். அப்பாவே கதைத்தபிறகும் அவருக்கு அழுகை நிற்கவில்லை. நான் பக்கத்தை அழித்துவிட்டேன். அது எப்போதோ படமாக எடுக்கப்பட்டுக் கனடாவுக்குப் போய்விட்டிருந்தது.

வந்தவர்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. நாளைக்கே கூட்டுறவுச் சங்கத்து வேலைக்குப் போகவேண்டியதுதான், தவணையில் மிச்சமிருந்த நாட்களைக் கேட்கமுடியாது என்று நினைத்தேன்.

ஒரு மணியளவில் சனம் குறைந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாரோ அவருக்கே அனுப்பியிருந்த அறிவித்தலை ஆறுதலாக வாசித்தார். நான் தூணைப் பிடித்தபடி நின்றேன்.

"சின்ன மச்சானைச் சுவிஸ் எண்டு போட்டிருக்கிறாய். அவன் பிரான்சுக்குப் போய் ரெண்டு வருசம்."

"மாத்திறன் அப்பா."

"காலமை போட்டதுக்கே இவ்வளவு சனமும் வந்தது?"

"ஓம்."

"பேப்பரிலை போட்டிருந்தா நாளைக்குத்தான் வந்திருக்குங்கள்" என்றார். திரும்பவும் வாசித்தார். விரல் பிள்ளைகளின் வரிசையில் நின்றது. அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொறியியலாளர், இலண்டன் என்று இருந்தது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு ஆசிரியை. என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி மட்டும் இருந்தது.

"உனக்கு ஏன் ஒண்டும் போடேல்லை?"

"போட ஒண்டும் இல்லையே."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"சாவகச்சேரிச் சங்கத்திலை வேறை ஆளைப் பாக்கச் சொல்லுறன்" என்றார். "உண்மையாப் போடேக்கை உந்த இடத்தை வெறுமையா விடாதை. இணையத்தளம் செய்யிறவ எண்டு போடு. வேலை கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டிலும் சரி."

அந்த ஆறு மாதமும் நான் அழவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, இரண்டு மணிக் கிரியைக்கென்று பஸ் மாறி வந்த அப்பாவின் தங்கை, எங்கள் சின்னத்தை, படலையைத் திறந்தார். நான் அழுவதைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "என்ரை அண்ணை" என்று ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அப்பா பின்னால் கதிரையில்தான் இருந்தார். அதை நான் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் அழவேண்டியிருந்தது.