அடி அண்ணாமலையில் ஒரு காலித் தூக்குவாளி

கிரிவலம் பற்றி எழுதுங்கள் என்று இந்த வலைப்பக்கத்துக்கு வருகிற நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன மாதம், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். ஆனால் பாதிதான் சுற்றினேன். அடி அண்ணாமலையில் பால் சங்கத்துக்கு எதிரே டீ குடிக்க உட்கார்ந்தவள், இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. புண்ணியமும் பாதிதான் கிடைத்திருக்கும், பரவாயில்லை.

அந்த ஊருக்கு நான் முதலில் போனது எண்பத்திரண்டில். வேலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை, வயது இருபத்தாறு. காலை ஐந்து ஐம்பது வண்டி. கண்ணமங்கலம், போளூர் வழியாக எண்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய் நாற்பது காசு. மடியில் ஓர் அட்டைப்பெட்டி.

"இன்னாம்மா அது, ஸ்வீட்டா?" என்றார் கண்டக்டர்.

"மாத்திரைங்க. டி.பி. மாத்திரை."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மட்டும் எழுந்து, போளூர் வரை நின்றுகொண்டே வந்தார். எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

டவுனை ஒட்டிய வேங்கிக்கால் அப்போது வெறும் வயல்காடு. கலெக்டர் ஆபீஸ் எல்லாம் பிறகு வந்தது. எட்டரைக்கு டவுனில் இறங்கி, நான்கு ரூபாய்க்குக் குதிரை வண்டி பேசி, ஏழு கிலோமீட்டர் மலையைச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். மாதத்தில் பத்து நாள் அங்கே மாதர் சங்கத் தலைவி கஸ்தூரி அக்கா வீட்டில் தங்குவேன். நான் நர்ஸ் இல்லை. ஆனால் மாத்திரைப் பெட்டியோடு வந்து இறங்கியதால் கடைசி வரை நர்ஸம்மாதான்.

ஊரில் பதினொரு பேருக்குக் காசநோய். மாத்திரை டவுன் ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் நடந்து போய், வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். ஒன்றரை வருடம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியதும் மருந்தை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், மறுபடி படுத்துவிடுவார்கள். அதனால் மருந்தை ஊருக்கே கொண்டுவருவது என்று முடிவு. இதற்காகப் பால் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் மன்றம் மூன்றும் முதல் முறையாக ஒரே பாயில் உட்கார்ந்தன. இளைஞர் மன்றத் தலைவர் டீக்கடை ஏழுமலை, என் பெட்டி தீர்ந்ததும் வாரம் ஒருமுறை சைக்கிளில் டவுனுக்குப் போய் மாத்திரை எடுத்துவர ஒப்புக்கொண்டார்.

எங்கே வைத்துக் கொடுப்பது? யோசனை சொன்னது நான்தான். "பால் சங்கத்துல குடுக்கலாங்க. காலையில ஆறு மணிக்கு ஊரே அங்கதானே வருது?" எல்லோரும் பிரமாதம் என்றார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

முதல் மாதம் நான்கு பேர்தான் வந்தார்கள். வராத ஏழு பேரில் ஒருத்தி காலனியில் இருந்த பச்சையம்மா. முப்பது வயதிருக்கும், களை வெட்டும் கூலி, இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் இல்லை. அவள் வாசலில் நின்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மருந்தை விட்டால் உயிருக்கு ஆபத்து, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" என்றாள்.

மறுநாள் வந்தாள். கையில் மூடிபோட்ட ஒரு தூக்குவாளி. எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. வரிசை நகர்ந்து அவள் முறை வந்ததும், பால் சங்கச் செக்ரட்டரி சாமிக்கண்ணு பழக்க தோஷத்தில் கையை நீட்டி வாளியை வாங்கி மூடியைத் திறந்தார்.

"இன்னாம்மா, காலியா கீது?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மாடு எங்க கீது அதுக்கு? மாத்திரைக்கு வந்திருக்குது" என்றது ஒரு குரல். பச்சையம்மா வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மாத்திரை என் கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் இருமலில் ரத்தம் வந்தது என்று கஸ்தூரி அக்காதான் கேட்டுவந்து சொன்னாள். அன்று சாயங்காலமே சங்கத்தில் எல்லோரையும் உட்கார வைத்தாள்.

"மாடு வெச்சிருக்கறவன்தான் பால் சங்கத்துக்கு வருவான். சீக்கு வந்த பாதிப் பேருக்கு மாடே கெடையாது. வெறுங்கையோட வந்து நின்னா டி.பி.காரின்னு ஊருக்கே தெரிஞ்சிடும்னுதான் அது தூக்கு எடுத்துக்கினு வந்துது. இது ஏன் நம்ம ஒருத்தர் புத்திக்கும் எட்டலே?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாமிக்கண்ணுதான், "சாம்பிள் பால் கீதே" என்றார்.

ஒவ்வொருவர் பாலிலும் தரம் பார்க்க ஒரு கரண்டி எடுப்பார்கள். மிஞ்சுவது ஒரு குண்டானில் சேரும். அதை ஏழுமலை டீக்கடைக்கு மலிவு விலையில் ஊற்றிவிடுவது வழக்கம். அதை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

"அப்ப என் டீ?" என்றார் ஏழுமலை.

"இப்ப மட்டும் ஜாஸ்தி பாலா ஊத்துறே? இன்னும் கொஞ்சம் கம்மி ஆவும், அவ்ளோதான்" என்றாள் அக்கா. அவரே சிரித்துவிட்டார்.

அக்கா இன்னொன்றும் சேர்த்தாள். பால்வாடிப் பிள்ளைகளின் தாய்மாரும் அந்தப் பாலில் பங்கு வாங்க, காலித் தூக்கோடு அதே வரிசையில் நிற்க வேண்டும். மாத்திரையைப் பொட்டலம் கட்டிப் பாலோடு கொடுத்துவிட்டால், யார் பிள்ளைக்கு வந்தது, யார் மருந்துக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பச்சையம்மாவைக் கூப்பிட நானும் சாமிக்கண்ணுவும் போனோம். காலனிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று வழியில் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சாமிக்கண்ணுவைத்தான் பார்த்தாள்.

"திரும்பியும் தூக்கைத் தொறப்பீங்களா?"

"தொறப்பேம்மா. பால் ஊத்தணுமில்ல?"

மறுநாள் வரிசையில் பதினைந்து காலித் தூக்குகள். அதில் ஒன்று அவளுடையது. அன்று நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனம் வராது. வேலூரிலிருந்து நிறைய பேருந்துகள் உண்டு, இரண்டரை மணி நேரம், எனக்கு அறுபத்தைந்து ரூபாய் ஆனது. அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குத் திரும்ப ஆட்டோ இருநூறு கேட்டார்கள், ஒருவர் நூற்றைம்பதுக்கு வந்தார். நடப்பதானால் காலை ஐந்துக்கு முன் கிளம்புங்கள். முழுச் சுற்று பதினான்கு கிலோமீட்டர், ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலில் தார் ரோடு சுடும். ஆறு மணிக்கு அடி அண்ணாமலையில் இருந்தால் பால் சங்கத்து வரிசையைப் பார்க்கலாம். இப்போது மிஷின்தான் தரம் பார்க்கிறது. எதிர் டீக்கடையில் ஏழுமலையின் மகன். டீ இன்னமும் தண்ணிதான். பச்சையம்மாவைப் பற்றி அவனிடம் கேட்டேன். செங்கம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாளாம், சௌக்கியமாம்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது எண்பத்தாறில். எங்கள் நிறுவனம் வேறு பக்கம் போக முடிவானதும், சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தேன். அவள் மாத்திரையை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலை ஆறு மணி, அதே வரிசை. அதே தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். முடிந்த பிறகும் ஏன் வருகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. மறுபடி இருமலோ?

"இன்னா பச்சையம்மா, உடம்புக்கு ஏதாவது...?"

வாளியை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். கை கீழே இறங்கியது, அவ்வளவு கனம்.

"தொறந்து பாருங்க நர்ஸம்மா" என்றாள். "நம்ம மாடு."