கொலைகாரனை விட்டுவிட்டுச் சொன்ன கதை

எனக்குத் திகில் படம் என்றால் உயிர். என் மனைவிக்குக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பதென்றால் உயிர். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் தியேட்டர் பக்கமே போக முடியாது என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் ஒரே கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் நானும் அவளும். நான் புடவையின் உடலை நெய்ய, அவள் என் வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். மற்றதில் பக்கத்து வீட்டு அண்ணன். அமாவாசைக்குத் தறி ஓடாது, நாங்கள் படத்துக்குப் போவதென்றால் அன்றுதான் முடியும். அண்ணன் மட்டும் எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே தலைவலி என்று கிளம்பிவிடுவார்.

"எப்படிண்ணா, பாக்கலாமா?" என்று மறுநாள் கேட்பேன். நெய்துகொண்டே இடைவேளை வரைக்கும் சொல்வார்.

"ஊட்டில ஒரு பங்களாப்பா. மூணு கொலை. போலீசு மண்டைய பிச்சிக்கினு நிக்குது."

"தினம் வந்து நாய்க்கு பிஸ்கெட் போடறாருன்னீங்களே, அந்தப் பக்கத்து பங்களாக்காரரு, அவரு எதுக்குண்ணா வராரு?" என்பாள் என் மனைவி.

அண்ணனின் தறிச் சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான், படம் காலி.

"தெரிஞ்ச ஆளப் பாக்கறதுக்கு டிக்கெட் எதுக்கு?" என்று அவள் அடுத்த நாடாவைத் தள்ளுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வருடமாக இதே கதை. அவளோடு பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை. தறியிலும் தினம் அப்படித்தான் உட்கார்கிறோம். ஆனால் அது வேலை.

ஒருநாள் அண்ணனுக்கு டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்துத் தனியாகக் கேட்டுக்கொண்டேன். "புதுப் படத்துல கொலைகாரன் யாரோ, அந்த ஆள மட்டும் விட்டுட்டு கதைய சொல்லுண்ணா."

அவரும் அப்படியே சொன்னார். அவள் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். ஒருத்தனும் அகப்படவில்லை.

"நல்லாருக்கும் போலக்குது. போலாம்" என்றாள்.

அமாவாசை மேட்னி. படத்தில் மூன்றாவது சீன். சைக்கிளில் ஒரு தபால்காரர் வந்து இறங்கினார்.

"இவரப் பத்தி அண்ணன் சொல்லவே இல்லியே?" என்றாள். ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்ப இவன்தான்."

முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். எனக்கும் அதுவரை தெரியாது. மிச்சம் இரண்டே கால் மணி நேரமும் அந்தத் தபால்காரர் சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடந்து வரும்போது மூங்கில் மண்டபம் தாண்டியதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணன அப்பிடி சொல்ல வெச்சது நீங்கதானே?" என்றாள்.

"ஆமாம்."

"எதுக்கு?"

"உன்கூட ஒரு படம் பாக்கணும்னு நாலு வருசமா ஆசைடி. போதுமா?" நடுரோட்டில் கத்திவிட்டேன்.

அவள் நின்றாள். "படம் எப்படிக்குதுன்னு அவர கேட்டீங்க. போலாமான்னு என்ன ஒரு நாளாவது கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. ஒருமுறைகூட.

அடுத்த அமாவாசைக்குக் கேட்டேன். உடனே தலை வாரப் போய்விட்டாள். சரியான அறுவைப் படம், கொலைகாரன் யாரென்று போஸ்டரிலேயே தெரிந்தது. எழுந்து போகலாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.