இரண்டாவது குழல் சுடாதபோது

எங்கள் அக்கா சிங்கப்பூரின் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பிறந்தார். பொங்கோலில் தம் வீட்டில், அத்தானின் கையைப் பிடித்தபடி காலமானார். இடைப்பட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆயுத அறையில் கழிந்தது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஞாயிறுகளில் அவரும் சுடுவார்.

துப்பாக்கி கெட்டுவிட்டது என்று யார் வந்தாலும் அக்கா உடனே அதைப் பிரிக்க மாட்டார். முதலில் தோட்டாவை மாற்றிச் சுடச் சொல்வார். அடுத்து ஆளை மாற்றுவார். “பாதித் துப்பாக்கி இதுலயே குணமாயிடும்” என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, அக்கா வழக்கமாகச் சுடும் துப்பாக்கியே அடம்பிடித்தது. இரண்டு குழலுக்கும் ஒரே விசை. முதல் குழல் வெடித்ததும் விசையை முழுவதும் விட்டு, மறுபடி இழுத்தால்தான் அடுத்தது வெடிக்கும். முதல் குழல் வெடித்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. தோட்டாவை மாற்றியும் பயனில்லை.

“பழசாயிடுச்சு லா, தூக்கிப் போடு” என்றார் உடன் சுட வந்திருந்த தோழி மும்தாஜ்.

“வாயை மூடுடி. இந்தா, நீ சுடு.”

மும்தாஜ் சுட்டார். இரண்டும் வெடித்தன. அக்கா மும்தாஜின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். அதிலும் இரண்டாவது வெடிக்கவில்லை.

அக்கா தம் வலக்கையைப் பார்த்தார். “துப்பாக்கி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. என் விரல்தான் விசையை முழுசா விடல. நாளைக்கு டாக்டரைப் பாக்கணும்.”

தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் செயலிழக்கும் நோய் என்றார் மருத்துவர். அக்கா கேட்ட முதல் கேள்வி, வேலையை விட வேண்டுமா என்பது. கை போகும், கண்ணும் காதும் போகாது என்ற பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. சக்கர நாற்காலியில் ஆயுத அறைக்குப் போனார். அவர் சொல்லச் சொல்ல மும்தாஜ் திருகாணியைக் கழற்றினார்.

கடைசி மாதம் படுக்கையில் ஒரு காணொளியைக் காட்டினோம். அதில் சங்க உறுப்பினர் ஒருவர் விசையை ஒருமுறை இழுத்தால் இரண்டு குழலும் சேர்ந்தாற்போல் வெடிக்கின்றன. அக்காவின் குரல் மிக மெலிந்திருந்தது. “தோள்ல அழுத்தி வைக்கல. துப்பாக்கி பின்னாடி குதிச்சு, விசை மறுபடி விரல்ல இடிக்குது. பிரிக்காதீங்க.” மறுநாள் அந்த உறுப்பினர் அழுத்திப் பிடித்துச் சுட்டார், சரியாகிவிட்டது.

ஊட்டியும் துடைத்தும் உடனிருந்த அத்தானுக்கும், வீடு தேடி வந்த தாதியருக்கும், தம் இரு கைகளையும் அக்காவுக்குக் கொடுத்த மும்தாஜுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் துப்பாக்கியில் இப்போது மும்தாஜ் சுடுகிறார். அதில் ஒரு பாகமும் மாற்றப்படவில்லை. இரண்டு குழலும் வெடிக்கின்றன.