பெருமாள் ஊரில் இல்லாத நேரம்

குடிவந்த மறுநாள் வரதராஜப் பெருமாள் கோயிலில் வாகனங்களைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் போலந்துப் பெண் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரே கடவுள். யானை, குதிரை, சிங்கம், அன்னம், கருடன் என்று இத்தனை வாகனங்கள். அவர் எங்கேதான் போகிறார்?" புத்தகத்தில் படித்த தமிழ், ஒரு எழுத்து பிசகாது. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், பள்ளிக்கூட டீச்சர் வேறு. அதுவரை எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. வீட்டுக்கார அக்காவின் முன்கூடத்தில் தறி ஓடும்; பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் நான் இருந்தேன், மற்றதில் அவள். கோயில் ஊர்வலங்களைப் பற்றி ஆராய்ச்சி எழுத வந்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று பெருமாள் பழைய சீவரத்துக்குப் புறப்பட்டபோது பின்னாலேயே நடந்துபோய், கால் நிறையக் கொப்புளத்தோடு திரும்பினாள். பல்லக்கு தூக்குகிறவர்கள் எப்போது தோள் மாற்றுகிறார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரிய வேண்டும். அக்காவும் லேசுப்பட்டவள் அல்ல. "உங்க ஊர்ல காக்கா இருக்குதா? அந்தக் குளுர்ல பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி எப்படிம்மா காயும்?" என்று தறியில் உட்கார்ந்தபடியே குடைவாள். ஒருத்தி கேட்டு முடிப்பதற்குள் மற்றவள் ஆரம்பித்துவிடுவாள். நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குத்தான் சோறு ஆறிப்போகும்.

வைகாசித் திருவிழா தொடங்கிய அன்று அவளுக்குத் தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு மோசமாம். அந்த அம்மாவுக்கு இவள் ஒரே பெண். போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் அரசாங்கம் ஒருமுறை வெளியே விட்டதே பெரிது. பாதியில் திரும்பினால் மறுபடி விடாது. ஆராய்ச்சியும் அதோடு போயிற்று. அவள் அன்றிலிருந்து எதையும் கேட்கவில்லை. ரசம் வைத்துக் கொடுத்தால் குடித்தாள்.

கருட சேவையன்று விடிவதற்கு முன்பே மூன்று பேரும் கிளம்பினோம். ராஜகோபுரத்தின் முன்னால் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கருடன்மேல் பெருமாள் கோபுரவாசலுக்கு வந்ததும், பெரிய குடைகளைச் சாய்த்து அவரைச் சட்டென்று மறைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "ஏன் மறைக்கிறார்கள்?"

"இப்ப அவரு இங்க இல்லம்மா" என்றாள் அக்கா. "சோளிங்கர்ல ஒரு பக்தரு இருந்தாரு. வருசா வருசம் இந்த சேவைக்கு வந்துக்கினு இருந்தவரு, ஒரு வருசம் உடம்பு முடியாம படுத்துட்டாரு. அவரால வர முடியலன்னா நாம போவலாம்னு பெருமாளே போயி காட்சி குடுத்தாரு. இன்னிக்கும் போயிட்டு வர்றாரு."

"இத்தனை பேர் காத்திருக்கிறார்களே, இவர்களை விட்டுவிட்டா?"

"காத்துக்கினு இருக்கறவங்க இருப்பாங்க. படுத்துக் கெடக்கறவங்க இருப்பாங்களா?"

குடைகள் விலகின. கற்பூர வெளிச்சத்தில் பெருமாள் தெரிந்தார். கூட்டமே கோவிந்தா போட்டது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெருமாளைப் பார்க்கவில்லை, ஓரமாகச் சாய்ந்து நின்ற குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அக்காவுக்கு வந்ததே கோபம். "நான் பெருமாளத்தானே சொன்னேன், உன்னையா போவச் சொன்னேன்? அவரு போனா குடை எடுக்கறதுக்குள்ள திரும்பி வந்துடுவாரு. நீ வருவியா?"

"வரமாட்டேன், அக்கா. விடமாட்டார்கள்" என்றாள் அவள். சொல்லிவிட்டு மடித்த புடவையை மறுபடி பிரித்து மடித்தாள். அக்கா தறியில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் தறி ஓடும் சத்தம் கேட்கவே இல்லை. பஸ் ஏற்றிவிட நான் மட்டும்தான் போனேன்.

பனிக்காலத்தில் ஒரே ஒரு வாழ்த்து அட்டை வந்தது. "அம்மா உயிரோடு இருக்கிறாள், என்னைப் பார்த்ததும் அழுதாள், நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்" என்று அதே பிசகாத தமிழில் எழுதியிருந்தாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் போட்ட கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா என்பதும் தெரியாது. அவள் செய்தது சரியா என்று நான் யோசித்ததுண்டு. தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்த வருஷம் கருட சேவைக்கு அக்காவும் நானும் போய் அதே கோபுரவாசலில் நின்றோம். குடைகள் சாய்ந்து பெருமாள் மறைந்ததும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்கா போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குக் கிளம்புகிற தம்பியிடம் சொல்வதுபோல, குடைப் பக்கமாக முகத்தை நீட்டி மெதுவாகச் சொன்னாள்:

"சோளிங்கர் கிட்டக்கதான் இருக்குது, அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ணால வர முடியாதுப்பா. அங்க போயிட்டு வா."