வேல் ஆயுதமாம், சேவல் சண்டையாம்!

போன ஆடிக் கிருத்திகைக்குச் சில வாரங்கள் முன்பு திருத்தணியில் நடந்தது இது. என் கணவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் கிருத்திகைக் கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் கைக்குழந்தையோடு ஆட்டோ தேடி அலைவதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஸ்டாண்ட் ஆட்டோக்களை போனிலேயே கூப்பிடும்படி ஒரு ஆப் செய்தேன். டிரைவர்கள் நம்பிக்கையோடு போன் நம்பரும் லைசென்ஸ் போட்டோவும் கொடுத்தார்கள். முகப்பில் முருகனின் வேல் படத்தை வைத்து ஆப் ஸ்டோருக்கு அனுப்பினேன்.

நிராகரித்துவிட்டார்கள். படத்தில் கூர்மையான ஆயுதம் இருக்கிறதாம், வன்முறையைத் தூண்டுமாம்! இது சாமி வேல் என்று விளக்கி எழுதினேன். அதே வரிகள் மறுபடி வந்தன. டிரைவர்களிடமும் அந்தக் காரணத்தைத்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து டிரைவர்களுக்கு ‘லோன் வேணுமா’ என்று ஓயாமல் போன். நம்பர்களை நான் விற்றுவிட்டேன் என்று பேச்சு கிளம்பியது. ஸ்டாண்டுக்குத் தலைவர் என் நாத்தனாரின் கணவர். என் கணவர் அவரை பாவா என்பார், எனக்கு அண்ணன் முறை. அவரே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, முருகன் வேலப் பாத்து வன்முறைன்னு எவனாவது சொல்லுவானா? நம்பர வாங்கிக்கினு யாருகிட்ட கதை வுடற?”

மெயிலைக் காட்டினேன். “இங்கிலீஷுல இன்னா வேணா எழுதிக்கலாம்” என்று போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது என் கணவரும் மெதுவாக, “நெஜமாவே அதான் காரணமா?” என்றார். நான் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஸ்டாண்டில் யாரோதான் புகார் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தேன்.

வேல் படத்தை எடுத்துவிட்டு முருகனின் சேவல் கொடியை வைத்து அனுப்பினேன். “பதில் வந்தா நீ தொறக்காத, நான் வந்தப்புறம் தொற” என்றார் அண்ணன். வந்த மெயிலைத் தொடாமல் சொல்லி அனுப்பினேன். இரண்டு டிரைவர்களோடு வந்தார். நான் படித்துச் சொல்வதை நம்பாமல், தன் போன் கேமராவை என் திரைமேல் காட்டி, அது தமிழில் மொழிபெயர்த்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். சேவல் சண்டையை ஊக்குவிக்கும் படமாம்!

“அடப்பாவிங்களா, நம்ம முருகன் கொடிய பந்தயக் கோழின்னுட்டானுங்களே!”

டிரைவர்களில் ஒருவர், “அப்ப லோன் போனு?” என்று விடாமல் கேட்டார்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “எங்க வூட்ல அவளுக்கும்தான் வருது. அவ நம்பர இந்தப் பொண்ணு கேக்கவே இல்லியேடா.”

என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் டீ போட எழுந்துபோனார்.

கடைசியில் வெறும் மஞ்சள் கட்டத்தை முகப்பாக வைத்தேன். உடனே அனுமதி கிடைத்தது. கிருத்திகையன்று ஸ்டாண்டில் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் லோன்காரன் கூப்பிட்டால், அன்று கேள்வி கேட்ட அந்த டிரைவர் இன்றும் என்னை ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்கிறார்.

நம்பவே முடியாத காரணத்தை யாராவது சொல்லும்போது பொய் என்று சட்டென்று வாய்வரை வரும். அப்போதெல்லாம், உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டிலேயே நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்தச் சாப்பாட்டு வேளை என் வாயை அடைத்துவிடுகிறது.